மாமா மூலத்துக்கு வாங்கிய முட்டை

கிளிஞ்சல்மேடு,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் முத்துக்குமரன் அவர்களுக்குத் தங்கை அஞ்சுகம் கும்பிட்டு எழுதுவது. நீங்களும் பூங்கொடி அண்ணியும் பிள்ளைகளும் கடலம்மா புண்ணியத்தில் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள். கோழி சுகத்தைக் கேளுங்கள், அதைத்தான் எழுதப் போகிறேன். இங்கே இருக்கிற காரைக்கால்மேட்டுக்குக் கடிதம் எதற்கு என்று அண்ணி சிரிப்பார்கள். படகு என்ஜின் சத்தத்தில் உங்கள் காது கெட்டுப்போய், போனில் நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கேட்க, நான் கத்த, போன தடவை என் வீட்டு விஷயம் உங்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் ஆனந்தராஜை உங்கள் படகில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னீர்களாம். ஏற்றக் கூடாது. எனக்கு இருப்பது அவன் ஒருத்தன். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் அப்பாவைக் கொடுத்தது போதும். பிள்ளை இப்போது செல்போன் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியே இருக்கட்டும். இதை ஒரே வரியில் எழுதி முடிக்கத்தான் தாளை எடுத்தேன், இந்தக் கோழி உட்காரவிட மாட்டேன் என்கிறது. இப்போதும் கத்துகிறது. இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒன்றுமில்லை. அதே கூத்துதான். சித்திரையில் நம்ம கறுப்பிக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. எப்போதும் உங்கள் மச்சான்தான் முட்டை வைப்பார், அவருக்குக் கைராசி. இந்தத் தடவை நான் வைத்தேன். அவர் காரியத்தன்று கூட்டத்தில் யாரோ என் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து அவர் கண்ணாடியைத்தான் நான் போடுகிறேன். கடலுக்குப் போகும்போது அவர் கண்ணாடி போட மாட்டார், அதனால் அது மட்டும் தப்பித்தது. அதைப் போட்டால் எனக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். இட்லியும் பெரிது, எறும்பும் பெரிது. அரிசிப் பானைக்குள் கையை விட்டு முட்டைகளை எடுத்தபோது அவையும் பெரிதாகத்தான் தெரிந்தன, கண்ணாடி பண்ணுகிற வேலை என்று நினைத்துக் கூடையில் வைத்துவிட்டேன். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், பக்கத்தில் இரும்பு வேண்டும் என்று அவருடைய என்ஜின் ஸ்பேனரையும் உள்ளே போட்டேன். கறுப்பி அதையும் சேர்த்து அடைகாத்தது.

பானையில் இருந்த பெரிய முட்டைகள் யாருடையவை என்றால், பக்கத்து வீட்டு நீலகண்டன் மாமாவுடையவை. வரிச்சிக்குடி வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் மூலத்துக்கு நல்லது என்று வாத்து முட்டை வாங்கியவர், தன் வீட்டில் வைத்தால் பேரப்பிள்ளைகள் ஆம்லெட் போட்டுத் தின்றுவிடும் என்று என் அரிசிப் பானையில் ஒளித்துவைத்திருக்கிறார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன் என்கிறார். சொல்லியிருப்பார். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவராவது கண்டுபிடித்தாரா? தினமும் காலையில் வந்து, பானையில் மிச்சமிருந்த என் கோழி முட்டையை எடுத்துப் பச்சையாகக் குடித்துவிட்டு, "என்னடி அஞ்சுகம், இந்த வருஷம் வாத்தெல்லாம் இளைச்சுப் போச்சு, முட்டையே சின்னதா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார். மூலமும் தேவலையாம்.

மூன்று வாரம் ஆனது, ஒரு முட்டைகூடக் கீறவில்லை. மேலும் நாள் போனது. மாமா கூடையை எட்டிப் பார்த்து, "எல்லாம் கூமுட்டை. கோழியும் கூமுட்டை, அதை நம்பி உக்காந்திருக்கியே, நீயும் கூமுட்டை. தூக்கி வாய்க்கால்ல போடு" என்றார். என்னால் முடியவில்லை அண்ணே. ஐப்பசியில் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் நான் கரையில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது நீங்கள் வந்து எழுப்பினீர்கள், உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நான் போய் இந்தக் கோழியை எப்படி எழுப்புவேன்? ஆனந்தராஜ்தான் ஒரு சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டான். உயிர் இருந்தால் ஆடுமாம். "அம்மா, ஆடுதும்மா! இங்க பாரேன், ஆடுது!" என்று கத்தினான். அவன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்கவே இல்லை.

பிறகு பொரித்தது. பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூக்கு சப்பை. ஸ்பேனர் நசுக்கித்தான் இப்படி ஆகிவிட்டது, நானே கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "அம்மா, முதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு. இது கோழி இல்ல, வாத்து" என்றான். உடனே மாமா வந்துவிட்டார்.

"முட்டை என்னுது, அப்ப குஞ்சும் என்னுதுதான்."

"நீங்க குடிச்ச முட்டை யாருது மாமா?"

அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

மறுபடியும் கத்துகிறது. இருங்கள்.

வந்துவிட்டேன். கோடை மழை பெய்து பின்னால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது, அதுதான் வினை. குஞ்சுகள் பிறந்த நாலாம் நாளே குபுக் குபுக்கென்று உள்ளே இறங்கிவிட்டன. கறுப்பி கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, இறக்கையை அடித்துக்கொண்டு கத்திய கத்தலை என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். புடவையோடு நானும் இறங்கிவிட்டேன். சேற்றில் கால் புதைந்து மல்லாக்க விழுந்தேன், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். ஆனந்தராஜ் வந்து என்னைத் தூக்கி, "அது நீந்தப் பொறந்ததும்மா, உனக்குத்தான் நீச்சல் தெரியாது. நீ யாரக் காப்பாத்த எறங்குன?" என்று சிரித்தான். சிரித்தவன் அப்படியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் எழுதுகிறேன், ஏற்றாதீர்கள். உங்கள் மச்சான் வலையை எடுத்து வாய்க்கால் ஓரம் முழுக்க வேலி கட்டினேன், குஞ்சுகள் அடியில் நுழைந்து போகின்றன. கோழிக்கும் தொண்டை கட்டிவிட்டது, எனக்கும் கட்டிவிட்டது. வாத்து வேறு, பிள்ளை வேறு. வாய்க்கால் வேறு, முகத்துவாரம் வேறு. இதைப் பெரிய மனது பண்ணிப் புரிந்துகொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் படகுக்கும் வலைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தை ஆனந்தராஜ் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்துவிடாமல் இருக்கச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உட்கார நேரமில்லாத தங்கை
அஞ்சுகம்

பி.கு.: ஒட்டியதை நானே பிரித்து எழுதுகிறேன். சாயங்காலம் கோழி சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். குஞ்சுகள் நடுத் தண்ணீரில் இருந்தன, கறுப்பி கரையில் அதுபாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் மெதுவாகக் கொக் கொக் என்று கூப்பிட்டது. அத்தனையும் வரிசையாகக் கரையேறி, ஈரத்தோடு அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனந்தராஜ் பக்கத்தில் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள் அண்ணே. தடைக்காலம் முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டால்தான் ஏற்ற வேண்டும். முகத்துவாரம் தாண்டுகிற வரைக்கும் உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். நான் கரையில் ஓடிக்கொண்டு, "திரும்பி வாடா" என்றுதான் கத்துவேன், என்னால் வேறு மாதிரி முடியாது. உங்களுக்குத்தான் காது கேட்காதே. படகைத் திருப்பாமல் போய்க்கொண்டே இருங்கள்.