சுருட்டுக் கொட்டிலில் நான் வாசித்த தலையங்கம்

நல்லூரான் காவல்.

நல்லூர்,
1936 மாசி.

கொழும்பிலிருந்து வெளிவரும் "நேர்வழி" வாரப் பத்திரிகையின் ஆசிரியரும் என் மூத்த பேரனுமாகிய சோமசேகரத்துக்கு, ஆச்சி பராசக்தி எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று அறிந்தால் இன்னும் சுகமாயிருப்போம்.

முதலிலே எங்கடை பிள்ளையளின்ரை வெற்றிகள். தங்கச்சி ஞானாம்பிகை சீனியர் சோதனை பாஸ் பண்ணிப்போட்டாள். தம்பி சிவசுப்பிரமணியத்துக்கு மலாயா றெயில்வேயிலை கிளாக்கர் உத்தியோகம். கடைக்குட்டி முருகேசு தேவாரப் போட்டியிலை முதலாவதாய் வந்து ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்தான். உன்னைப் பற்றிச் சொன்னால், ஊராக்கள் பேப்பர் நடத்திறதுக்குப் பென்சன் இருக்கோ எண்டு கேக்கினம். நான் செம்பைக் காட்டிப்போடுவன். இனி அந்தத் தொல்லை இல்லை. உனக்குக் கலியாணம் பொருந்திப்போட்டுது. பெண், சுருட்டு முதலாளி மார்க்கண்டரின்ரை மகள் பத்மாசினி.

மார்க்கண்டர் லேசிலை இறங்கேல்லை. உத்தியோகம் இல்லாத பெடியன், என்ன எழுதுறான் எண்டு கேட்டுத்தான் முடிவு சொல்லுவன் எண்டு நிண்டார். அவர் பேப்பர் கேக்கிறது தன்ரை கொட்டிலிலைதான். ஆக்கள் சுருட்டுச் சுத்த, வாசிக்கவெண்டே வைச்ச நமசிவாயம் உரத்து வாசிப்பான், இவர் கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். போன வெள்ளிக்கிழமை உன்ரை பேப்பர் வந்த நேரம் பாத்து நமசிவாயத்துக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கலியாணக் கதையாய் அங்கை போயிருந்த நான், என்ரை பேரன் எழுதின தலையங்கத்தை நானே வாசிக்கிறன் எண்டு கையை நீட்டி வாங்கினன். ஐஞ்சாம் வகுப்பெண்டாலும் எனக்கு எழுத்துக்கூட்டத் தேவையில்லை. ஆனால் மோனை, முதலிலை கண்ணை ஓடவிட்டுப் பாத்தன். தேர்தலுக்குக் கார் அனுப்பிச் சோறு போட்டு வோட்டு வாங்கிறவை கள்ளர் எண்டு எழுதியிருக்கிறாய். மார்க்கண்டரின்ரை கார் தேர்தல் கொடி கட்டி வாசலிலை நிக்குது. நிப்பாட்ட ஏலாது, எல்லாரும் என்ரை வாயைப் பாக்கினம். சனத்தை வெயிலிலை நடக்கவிடாமல் காரிலை ஏத்திறவை தருமவான்கள் எண்டு வாசிச்சன். அடுத்தது, காசுக்குப் புகழ்ந்து எழுதுற பத்திரிகைக்காரன் மாடு மேய்க்கலாம் எண்டு கிடந்தது. நல்லவரைப் புகழத் தெரியாத பத்திரிகைக்காரன் மாடு மேய்க்கலாம் எண்டு மாத்தினன். கடைசியிலை, சீதனம் வாங்கிற மாப்பிள்ளை சந்தையிலை வித்த நாம்பன் மாடு எண்டிருந்தது. அதிலை நாக்கு ஒருக்கால் தடக்குப்பட்டதுதான். ஒரு மிடறு தண்ணி குடிச்சு, பெத்த தேப்பன் ஆசையாய்க் குடுக்கிற வீடுவளவை வேண்டாமெண்டுறவன் மரியாதை தெரியாதவன் எண்டு முடிச்சன். சுருட்டுச் சுத்தின கையெல்லாம் அப்பிடியே நிண்டுது. மார்க்கண்டர் கண்ணைத் திறந்தார்.

"பெடியனுக்கு உலகம் தெரியுது, அக்கா. உவனுக்கே குடுப்பம்."

கோப்பி கொண்டுவந்த பத்மாசினி சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்கு ஓடினாள். நல்ல வெக்கமுள்ள பிள்ளை. கொழும்புத்துறை வளவும் கல்வீடும் உனக்குத்தான். ஆனபடியால் தாலி ஏறுமட்டும் அரசியல், பத்திரிகைத் தருமம், சீதனம் ஒண்டையும் தொடாதை. மழையைப் பற்றி எழுது, மாம்பழத்தைப் பற்றி எழுது, ஒருத்தருக்கும் நோகாது.

கந்தசுவாமியார் உனக்கும் உன்ரை பேனைக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். பெண்ணின்ரை தாய் உன்ரை படத்தைப் பாத்து, பெடியன் ஆரோடை கோவம் எண்டு கேட்டவ. கறுத்தக் கோட்டுப் போட்டு, கொஞ்சம் சிரிச்ச முகமாய்ப் புதுப்படம் ஒண்டு எடுத்து உடனை தபாலிலை போடு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற ஆச்சி,
பராசக்தி.

பி.கு.: உறை ஒட்டப் போக, பத்மாசினி படலையைத் திறந்துகொண்டு வாறாள், கையிலை அதே பேப்பர். ஒரு வருசமாய்ச் சந்தா கட்டித் தபாலிலை எடுக்கிறாளாம். நான் வாசிக்க முந்தியே அவள் வாசிச்சுப்போட்டாளாம். அண்டைக்கு ஓடினது சிரிப்பை அடக்க ஏலாமலாம். அவள் பாயிலை இருந்து ஆறுதலாய்ச் சொன்னாள்: "ஆச்சி, அப்பா ஓம் எண்டது நீங்கள் வாசிச்சதுக்கு. நான் ஓம் எண்டது அவர் எழுதினதுக்கு. அவர் அந்த வீடுவளவை வாங்கினாரெண்டால் நான் மாட்டன்." வாற வெள்ளி தானே கொட்டிலுக்குப் போய், புதுப் பேப்பரிலை நீ எழுதிறதை எழுதினபடி தேப்பனுக்கு வாசிக்கப் போறாளாம். நீ மழையைப் பற்றி எழுதினாயெண்டால் கலியாணமே இல்லையாம். போகேக்குள்ளை மேசையிலை கிடந்த உன்ரை கோவப் படத்தையும் எடுத்துக்கொண்டு போட்டாள். ஆனபடியால் எனக்குப் பாக்க வேறை ஒண்டு அனுப்பு. சிரிக்கத் தேவையில்லை.