வாரத்தில் ஐந்து சனிக்கிழமைகள்

வெட்லாண்டா,
அக்டோபர் 9, புதன்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ரக்னார் ஹெட்மன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் புது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். தங்கள் வார இதழ் தவறாமல் வருகிறது. போன இதழின் பெரிய காளான் படம் அருமை. அதைக் கையில் பிடித்திருந்தவரின் தலை வெட்டுப்பட்டிருந்தாலும் காளான் முழுசாக இருந்தது.

நிற்க. திங்கட்கிழமை தங்கள் நிருபர் ஃபாபியான் எனக்குப் போன் செய்தார். பத்து வருடங்களுக்கு முன்பு என் இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை வழிமாற்றித் தைத்தார்களே, அடுத்த வருடமே தாங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டீர்களே, பழைய கால்சட்டையின் ஒரு காலுக்குள் என் இரண்டு காலையும் விட்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, மேலே ‘பாதியானார் ஆன்னேலி’ என்று கொட்டை எழுத்தில்? அதே படத்தை இப்போது மறுபடி எடுக்க வேண்டுமாம். “பழைய பேன்ட்டு வச்சிருக்கீங்கல்ல? அடுத்த வாரம் செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துடறேன். அதே மாதிரி பேன்ட்டோட ஒரே காலுக்குள்ள நின்னா போதும், செமயா இருக்கும்” என்றார். பையன் குரலில் அவ்வளவு சந்தோஷம். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கால்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலுக்குள் ஒரு கால்தான் போகிறது. இடுப்பில் ஒரு பிடி துணி மிச்சம். பெல்ட் போட்டால் வேலைக்கே போட்டுக்கொண்டு போகலாம். போன அறுபத்தொரு கிலோவில் நாற்பத்திரண்டு கிலோ வீடு திரும்பிவிட்டது. மிச்சத்துக்கும் வழி தெரியும் போல.

எப்படி என்று கேட்பீர்கள். நான் ஒரு விதியையும் மீறவில்லை. சின்ன வயதிலிருந்து நம் எல்லோருக்கும் உள்ள விதிதானே, மிட்டாய் சனிக்கிழமை மட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு செவிலியரும் அதையே சொன்னார். முதல் மூன்று வருடம் சனிக்கிழமைகூடத் தேவைப்படவில்லை, நாலு மிட்டாய் உள்ளே போனாலே வியர்த்துக் கொட்டி, வேலையிடத்து மருந்து அறைத் தரையில் படுத்துவிடுவேன். நாலாம் வருடம் வியர்வை என்ற அந்தக் காவல்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான், பசி மட்டும் திரும்பி வந்தது. இங்கேதான் சிக்கல். நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை எனக்கு வேலை. வேலை செய்த சனிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை லீவு என்றால், என் சனிக்கிழமை திங்கட்கிழமைதானே? நியாயம்தான். பிறகு கூட வேலை பார்க்கும் பியாவுக்கு முதுகு போயிற்று, ஆள் போடவில்லை, அவளுடைய சனிக்கிழமைகளும் என் தலையில் விழுந்தன. அவள் சனிக்கிழமைக்கு ஒரு புதன். அப்புறம் நகராட்சி ஆட்களைக் குறைத்தது. காலையில் நாலு மணி நேரம், மத்தியானம் சும்மா, சாயங்காலம் நாலு மணி நேரம் என்று ஒரு நாளையே ரெண்டாக வெட்டினார்கள். வெட்டிய நாளின் நடுவில் வீட்டுக்குப் போகவும் நேரமில்லை, உட்கார்ந்து சாப்பிடவும் இடமில்லை, கடையில் நாமே அள்ளிக்கொள்ளும் மிட்டாய்ப் பெட்டி வரிசை இருக்கிறது, கையில் கரண்டி இருக்கிறது, நான் என்ன செய்ய? ஒரு கட்டத்தில் வாரத்துக்கு ஐந்து சனிக்கிழமை வந்தது. “உன் காலண்டரைக் குடுடி, நானும் அங்கயே குடியேறிடறேன்” என்கிறாள் பியா.

சுகாதார நிலையத்துக்குப் போகவில்லையா என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு வருடம் அறுவை சிகிச்சை செய்த இடத்திலேயே பார்த்தார்கள், அப்புறம் இங்கே அனுப்பிவிட்டார்கள். போனேன், மூன்று முறை. மூன்று முறையும் ஏஜென்சி அனுப்பிய வேறு வேறு தற்காலிக டாக்டர். முதலாமவர் நடக்கச் சொன்னார். நான் ஒரு ஷிப்டில் பதினாலாயிரம் அடி நடக்கிறேன், அதுவும் முன்னால் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. இரண்டாமவர் மன உறுதி வேண்டும் என்றார். மூன்றாமவர் கம்ப்யூட்டரில் என் பழைய குறிப்பைப் பார்க்காமலேயே, “ஆபரேஷன் பண்ணிக்கலாமே, யோசிச்சிருக்கீங்களா?” என்றார்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பேன், போன மாதம் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போக வேண்டியதாயிற்று. காத்திருக்கும் அறைச் சுவரில் தங்கள் அந்தப் பழைய முதல் பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டு. பக்கத்தில் பேக்கரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். தனக்கும் அதே ஆபரேஷன்தான், ஐந்து வருடமாகிறது என்றாள். “அந்தம்மாவைப் பாருங்க. அவங்களால முடியுது. நான்தான் எதுக்கும் லாயக்கில்லாதவ” என்றாள். அந்தம்மா அவள் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பெயரைக் கூப்பிடுவதற்குள் கழிப்பறைக்குப் போவதுபோல் எழுந்து, ரத்தம் கொடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: ஃபாபியானை அனுப்ப வேண்டாம். ஆன்னேலி லிண்ட்மார்க் வட நார்வேக்குக் குடிபோய்விட்டார், ஒல்லியாகவே இருக்கிறார், முகவரி தெரியவில்லை என்று ஓரமாக இரண்டு வரி போட்டுவிடுங்கள். நான் தொப்பி போட்டுக்கொண்டு நடமாடிக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

தங்கள் முழங்காலும், அதைத் தாங்கும் தாங்களும், இரண்டையும் தாங்கும் தங்கள் மனைவியும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஆன்னேலி லிண்ட்மார்க்

பின்குறிப்பு: இன்று வியாழன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில், மிட்டாய்ப் பெட்டிகளுக்கு முன்னால் அதே பேக்கரிப் பெண். கையில் கரண்டி, பை முக்கால்வாசி நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு சனிக்கிழமைங்க. ஷிப்ட்டு மாத்திட்டாங்க” என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அந்தப் படத்துல நிக்கிறது நான்தான்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. அப்புறம் அழ ஆரம்பித்து, எப்படியோ அது சிரிப்பில் போய் முடிந்தது. மிட்டாய்ப் பிரிவில் வழியை மறித்துக்கொண்டு இருவரும் சிரித்ததில் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பெயர் ஊல்ரிகாவாம்.

எனவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். சட்டத்தை யாரும் கழற்ற வேண்டாம். நார்வேயும் வேண்டாம். ஃபாபியானைச் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குச் சுகாதார நிலையத்துக்கே அனுப்புங்கள். அந்தப் படத்துக்குக் கீழேயே அதே கால்சட்டையில் நிற்கிறேன், காலுக்கு ஒரு கால். ஊல்ரிகாவும் நிற்பாள். எடுத்து முடித்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்து நான்காவது டாக்டரைப் பார்க்க உள்ளே போகிறோம், அவர் யாராக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் ஃபாபியானிடம் சொல்லிவிடுங்கள்: ஷிப்ட் அட்டவணைப்படி அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சனிக்கிழமை. அதையும் எழுதிக்கொள்ளட்டும்.