சம்பந்தி அனுப்பிய பம்ப்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல எதிர்க்கட்சி. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. விசாரிக்கலாம் என்றால் தாங்கள் போனுக்கு வருவதில்லை.

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து, வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் ஒன்று தாங்கள் கூப்பிடுவீர்கள், இல்லையென்றால் நான் கூப்பிடுவேன். என் முழங்கால், தங்கள் ரத்த அழுத்தம், இரண்டு வீட்டு மாடித் தொட்டியிலும் தண்ணீர் ஏறிய விவரம், இதைத் தாண்டி நாம் பெரிதாக எதுவும் பேசியதில்லை. ஆனாலும் அதைப் பேசாவிட்டால் அன்றைய பொழுது முடிந்த மாதிரி இருக்காது. இப்போது சில நாட்களாக நான் கூப்பிட்டால் மகள் எடுக்கிறாள். "மாமா இன்னைக்குப் பேசலப்பா, இன்னொரு நாள் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாக அம்மாவை விசாரிக்கிறாள். மாப்பிள்ளை எடுத்தால், சொல்கிறேன் மாமா என்கிறார். சொன்னாரா என்று தெரியவில்லை. நேற்று அவருக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. நூறு பேர் செருமினாலும் தங்கள் செருமல் எனக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், தொழிற்சாலையில் நான் சொன்ன அந்த வாக்கியம் தங்கள் காதுக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை நான் சொல்லவில்லை என்று சாதிக்க மாட்டேன். சொன்னேன். ஆனால் எந்த நிலைமையில் சொன்னேன் என்று தெரிந்தால் தாங்களே என் முதுகைத் தட்டிக்கொடுப்பீர்கள், அல்லது குறைந்தபட்சம் அடிக்க மாட்டீர்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் தொழிற்சாலையில் கை கழுவும் சோப்பு நீர் தயாராகிறது என்பது தங்களுக்குத் தெரியும். ரோஜா, எலுமிச்சை, புதினா என்று மூன்று வாசனை. பழைய பம்ப்பில் ரோஜா ஓட்டிவிட்டு எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும், அடுத்து ஓடும் எலுமிச்சையில் ரோஜா எட்டிப் பார்க்கும். புதினா சோப்பு வாங்கிய ஒரு வாடிக்கையாளர், இதில் எல்லா வாசனையும் வருகிறது, புதினா மட்டும்தான் வரவில்லை என்று எழுதிப்போட்டார். முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, குழாயை அமுக்கித் தள்ளுகிற பம்ப் ஒன்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். உருளைகள் சுற்றிவந்து குழாயை அமுக்கும், அமுக்க அமுக்க உள்ளே இருப்பது முன்னால் நகரும், சோப்பு அந்தக் குழாயைத் தவிர வேறு எதையும் தொடாது, ஆகவே வாசனைக்கு ஒரு குழாய் வைத்து மாற்றிக்கொண்டால் போதும் என்றெல்லாம், பம்ப் கம்பெனியே நடத்தும் தங்களுக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. எனக்கு எங்கள் கெமிஸ்ட் அம்மா விளக்கினார். சாப்பிட்டது குடலில் இறங்குகிற மாதிரி என்று விளக்கினார். விளக்கியது மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

மூன்று கம்பெனிகளிடம் பம்ப் வரவழைத்து ஓட்டிப்பார்ப்பது என்று முடிவானது. தங்கள் பம்ப்பையும் வரவழைக்கச் சொன்னது முதலாளியம்மாதான், நானாக வாய் திறக்கவில்லை. "உங்க சம்பந்தி பம்ப் நல்லா இருந்தா எடுங்க. சம்பந்திங்கறதுக்காக எடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு எங்கள் ஃபிட்டர். எதைச் சொன்னாலும் 'ஆனாலும்' என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் அவருக்குப் பெயரே ஆனாலும். மூன்று பம்ப்பும் வந்து இறங்கியதும், "ஆனாலும் சார், எது வரப்போகுதுன்னு எங்களுக்குத் தெரியாதா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அந்த நிமிஷமே நான் முடிவுசெய்துவிட்டேன், தங்கள் பம்ப்பிடம் மாற்றாந்தாய் மாதிரி நடந்துகொள்வது என்று. அது தவறு என்று இப்போது தெரிகிறது. அப்போது அது நேர்மை மாதிரி இருந்தது.

முதல் பம்ப் கைக்கு அடக்கமானது, பார்க்க லட்சணம், பரிசோதனைச் சாலை மேஜையில் வைத்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். எங்கள் சோப்போ கெட்டி. ஒரு பாட்டில் நிரம்புவதற்குள் ஆனாலும் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டு வந்தார். இதற்கு நடுவில் கெமிஸ்ட் அம்மா மூன்று கம்பெனிக் குழாயிலும் ஒரு துண்டு வெட்டி வாசனை எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். முதல் கம்பெனித் துண்டு ஊறிப் பருத்து, பாட்டிலின் வாய் வழியாக வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்து, பாட்டிலோடு குப்பைக்குப் போனது. தங்கள் துண்டு போட்டபடியே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று பலமாக இருமினேன். கெமிஸ்ட் அம்மா எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து வெந்நீர் கொண்டுவந்தார்.

இரண்டாவது பம்ப் கண்ணாடித் திரையோடு வந்த சீமைச் சரக்கு. தொட்டால் வேலை செய்யும் என்றார்கள். தொட்டோம், கடவுச்சொல் கேட்டது. விற்றவருக்குப் போன் செய்தால் அவர் போன் அணைந்திருந்தது. ஒருவழியாக அவரைப் பிடித்து, சொல்லை வாங்கி, ஓடவிட்டபோது அருமையாகத்தான் நிரப்பியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ரோஜாக் குழாயைக் கழற்றி எலுமிச்சைக் குழாயைப் போட, அதற்கென்றே தனியாக ஒரு சாவி, அந்தச் சாவிக்குத் தனியாக ஒரு திருகு. காலையில் உட்கார்ந்த ஆனாலும் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், அதற்காக ஒரு குழாயை மாற்ற அரை நாளா?

இனி தங்கள் பம்ப். அதைச் சொல்லிக்கொடுக்கத் தங்கள் டெக்னீஷியன் நேரிலேயே வந்தார், நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களையும் உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்த நான், இவரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். உறவுக்காரர் சரக்குக்குத் தனி உபசாரம் கூடாது, பம்ப் தன் காலில் தானே நிற்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். அவர் வாசலிலிருந்தே, "சார், அந்தப் பக்கவாட்டு சுவிட்சு மட்டும் என்னன்னா" என்று ஆரம்பித்தார். ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று கையைக் காட்டி அடக்கினேன். ஃபிட்டர் ஆனாலும்கூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நானே மூடியைத் தூக்கினேன், நானே பாட்டிலுக்கு ஒன்றாக எட்டுக் குழாய்களையும் வரிசையாகப் போட்டேன், மூடியைச் சாத்தினேன். குழந்தை வேலை. குழாய்களின் ஒரு முனை சோப்பு டிரம்மில் இருந்தது; நுரைக்காமல் இருக்க, மறுமுனையைப் பாட்டில்களின் அடிவரை விட்டு வைத்திருந்தோம். பட்டனைத் தட்டியதும் எட்டுப் பாட்டிலிலும் எலுமிச்சை சோப்பு ஒரே மட்டத்தில், அணிவகுப்பு மாதிரி ஏறியது. ஒரு சொட்டு கூடக்குறைய இல்லை. சரியாகப் பாட்டில்கள் நிரம்பும் நேரத்தில் முதலாளியம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்துகிற பட்டன் எது என்று தேடி, பக்கவாட்டில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். அது நிறுத்துகிற சுவிட்சு இல்லை. அது பம்ப்பைப் பின்னோக்கிச் சுற்றவைக்கிற சுவிட்சு என்று தங்களுக்குத் தெரியும், வாசலில் நின்ற டெக்னீஷியனுக்கும் தெரியும். எங்கள் கண்ணெதிரே, நிரம்பிய எட்டுப் பாட்டிலும் ஒரே மட்டத்தில், அதே அணிவகுப்போடு காலியாகிக்கொண்டு வந்தன. முதலாளியம்மா பாட்டில்களைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பாட்டில் காலியானதோடு விட்டதா? அடுத்து காற்றை இழுத்து, டிரம்மில் இருந்த சோப்புக்குள் அடிக்க ஆரம்பித்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று சொல்வார்கள். எங்கள் டிரம்மிலிருந்து கிளம்பிய பூதம் வெள்ளையாக, எலுமிச்சை வாசனையோடு, முழங்கால் உயரத்துக்குத் தரையில் பரவி, முதலாளியம்மாவின் செருப்பை மூடி, வாசற்படி இறங்கித் தெருவுக்குப் போயிற்று. தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி, இலவசம்தானே என்று சக்கரத்தைக் கழுவிக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன், சம்பந்தி. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தங்களுக்குப் பரிந்து பேசுவேன் என்று ஆனாலும் காத்துக்கொண்டிருந்தார். தப்பு என் கையில் என்று ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல், பக்கம் சாராதவன் என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில், இந்தப் பாழும் வாய் திறந்தது. "சம்பந்தி குடுத்த பம்ப் இல்லையா, சம்பந்தி புத்திதானே இருக்கும். குடுத்ததை அப்படியே திருப்பி உறிஞ்சுது பாருங்க." சொல்லி முடித்து நிமிர்ந்தால், வாசலில் கணுக்கால் வரை நுரையில் நின்றுகொண்டு தங்கள் டெக்னீஷியன் என்னைப் பார்க்கிறார். நுணலும் தன் வாயால் கெடும்.

யாரும் சிரிக்கவில்லை, முதலாளியம்மாவைத் தவிர. அவர் சிரித்து அந்தத் தொழிற்சாலையில் யாரும் பார்த்ததில்லை. உட்கார நாற்காலி போடவேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், குழாய்களைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு சோப்பு இல்லை. "வாசனை மாத்தும்போதெல்லாம் குழாய்க்குள்ள மிச்சம் இருக்கறதை இவ்வளவு நாளா சாக்கடையில விட்டோமே. இது எல்லாத்தையும் திருப்பி டிரம்முக்கே கொண்டுவந்துடுதே. இதையே எடுங்க" என்றார். மற்ற இரண்டையும் பின்னோக்கி ஓட்டிப்பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, நானும் நினைவூட்டவில்லை; அது ஒன்றுதான் நான் செய்த பாரபட்சம். ஃபிட்டர் ஆனாலும் குனிந்து பம்ப்பைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "ஆனாலும் நல்ல பம்ப் சார்" என்றார். என் காதால் கேட்டேன்.

அன்று சாயங்காலமே இந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் ஓடிவந்து போனை எடுத்தேன். தாங்கள் வரவில்லை. ஆர்டர் விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியும் ஒரு வார்த்தை இல்லை. ஆர்டர் கிடைத்தும் ஒரு மனிதர் பேசவில்லை என்றால் அந்த மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை. சம்பந்தி, நீங்களா உறிஞ்சுகிறவர்? நாங்கள் ஆசையாகக் கொண்டுவந்து இறக்கிய பீரோவையே, வீட்டில் இருப்பது போதும், இதற்குமேல் வைத்தால் மருமகள் நடக்க இடம் இருக்காது என்று திருப்பி அனுப்பியவர் நீங்கள். என் மகளுக்குச் சளி பிடித்தால் அவள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எனக்குச் சொல்லிவிடுகிறீர்கள். உங்களைப் போய் அப்படிச் சொன்னேனே என்று வெட்கமாக இருக்கிறது. என்னைத் திட்டுங்கள், வேண்டிய மட்டும் திட்டுங்கள். ஆனால் போனில் திட்டுங்கள். உங்கள் குரல் இல்லாமல் சாயங்காலம் நன்றாக இல்லை.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், அவர்கள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும். பம்ப்புக்கு மாற்றுக் குழாய்கள் வாசனைக்கு இரண்டு செட் சேர்த்து அனுப்பவும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு (இதை முதலில் படிக்கவும், உறையின் மேலும் அப்படியே எழுதியிருக்கிறேன்): கடிதத்தை மடிக்கும்போது மகள் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். தங்களுக்கு மேல்வரிசை முன்பற்களை எடுத்துத் தையல் போட்டிருக்கிறதாம். புதுப் பல் கட்டும்வரை சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினீர்களாம். ஆர்டர் கிடைத்ததைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களாம். டெக்னீஷியனோ எங்களிடமிருந்து நேரே வெளியூர் போனவர், இன்னும் தங்களைப் பார்க்கவேயில்லையாம். ஆக, அந்த வாக்கியத்தைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப்போகிற முதல் ஆள் நான்தான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். என் வீட்டுக்காரி பிடுங்கிக்கொண்டாள். "அவரு பல்லு இல்லாததை மறைச்சாரு, நீங்க நாக்கு இருக்கறதை மறைக்கறீங்க. ரெண்டும் வெளிய வரட்டும்" என்று அவளே தபால்தலை ஒட்டிவிட்டாள். தையல் பிரிக்கும்வரை தாங்கள் சிரிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு என்பதால், மேலே எழுதியிருப்பதை அதற்குப் பிறகே படிக்கவும். படித்த அன்றும் நான் வழக்கம்போலக் கூப்பிடுவேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தடவை செருமினால் போதும்.