ஒரு போர்டு, இரண்டு ஷ்மிட்

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஆள் மாறி அழுதிருக்கிறேன். அதுவும் துபாய் விமான நிலையத்தில், கட்டிப்பிடித்து.

இருபது வருடம் இருக்கும். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஆபீஸ் உதவியாளனாக இருந்தேன். எங்கள் ஜெர்மன் இன்ஜினியர் ஷ்மிட், என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தை உரிமையோடு எடுத்துச் சாப்பிடுகிறவர், ஒருநாள் காலை டியூட்டிக்கு வரவில்லை. அறையிலேயே மாரடைப்பு. உடலை வாங்கிப்போக அவருடைய அண்ணன் வருகிறார் என்று தகவல் வந்தது. அழைத்துவர மேனேஜர் என்னை அனுப்பினார். நாங்குநேரிக்காரர்.

“போர்டுல பேரைப் பெருசா எழுதுலே. துக்கத்தோட வாராரு, தேட விட்டுராத.”

பெரிதாகவே எழுதினேன்: ஷ்மிட். (முதல் பெயர் எதற்கு? வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே சொந்தம் என்பது என் ஞானம்.)

ஒருவர் சிரித்தபடி போர்டை நோக்கி வந்தார். தம்பியை இழந்தும் சிரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் திகைத்து, என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். (அவர் ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி விற்பவர் என்று எனக்கெப்படித் தெரியும்?)

பிணவறையில் துணியை விலக்கினார்கள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இவரை எனக்குத் தெரியாது,” என்றார்.

ஆளை மாற்றிக் கூட்டிவந்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை. தன் பெயரும் ஷ்மிட்தான், ஷ்மிட் என்றால் கொல்லன் என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு கொல்லன். தொழிலே பெயராகி, சொந்தபந்தம் இல்லாத ஷ்மிட்கள் ஊரெல்லாம் பெருகிவிட்டார்களாம். கப்பலேறி அமெரிக்கா போனவர்களில் பலர் ஸ்மித் ஆகிவிட்டார்களாம். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முன்பின் தெரியாத அந்த ஷ்மிட்டின் அருகே தலைகுனிந்து நின்றார்.

அதே காரில் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நிஜ அண்ணனைத் தேடினேன். நான்கு மணி நேரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் அப்படியே எங்கள் ஷ்மிட். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழக்கூடத் தைரியம் வரவில்லை. அவர் கேட்டார்.

“அந்த மனிதர் என் தம்பிக்காகப் பிரார்த்தனை செய்தாரா?”

“செய்தார் சார்.”

“நல்லது. அவ்வளவு நேரமாவது அவன் தனியாக இல்லை.”

இன்றைக்கும் யாரையாவது அழைத்துவர நான் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினால், “ஆளு யாருன்னு கேட்டுட்டு அப்புறமா அழுங்க,” என்பாள் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சவப்பெட்டியோடு ஊர் திரும்பிய அன்று, அந்த அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுததை மட்டும் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.