துள்ளல் அண்ணையும் என் அடக்கமான பிள்ளையும்

துள்ளல் அண்ணை கதிரையில் இருந்ததை மொன்றியல் நகரத்தில் ஒருவரும் கண்டதில்லை. கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றதைக் கண்டிருக்கிறோம். சோற்றுத் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, அதன் முன்னால் குந்தி எழும்பி, குந்தி எழும்பிச் சாப்பிட்டதைக் கண்டிருக்கிறோம். ஒரு வாய்க்கு ஒரு குந்தல்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதிகளாக வந்திறங்கிய நாங்கள் ஆறு பேர் கோத்-தே-நேஜ் பகுதியில் ஒரு மூன்றரையில் குடியிருந்தோம். மூன்றரை என்றால் மொன்றியல் கணக்கில் ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. குளியலறைதான் அந்த அரை. எங்கள் எல்லோருக்கும் ஒரே தொழில். படுத்திருப்பது. அகதி விசாரணைக்குக் கூப்பிடும்வரை வேறு வேலை இல்லை. "கேஸ் என்ன மாதிரி?" என்று ஒருவர் படுத்தபடியே கேட்பார். படுத்தபடியே பதில் வரும்.

ஏழாவது ஆளாக வந்தவர்தான் துள்ளல் அண்ணை. திருகோணமலைக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. ஊரில் ரயில்வே கிளாக்கர். சொந்தப் பெயர் அவருடைய கேஸ் பேப்பரில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வந்த முதல் காலையே ஜன்னலை அகலத் திறந்துவிட்டார். ஜனவரி மாதக் குளிர் உள்ளே வந்து எங்கள் போர்வைகளுக்குள் படுத்துக்கொண்டது.

"எழும்புங்கோ எல்லாரும்!"

"ஏன் அண்ணை, வீடு எரியுதோ?"

"எரிஞ்சாலும் நீங்கள் எழும்ப மாட்டியள். அதுதான் ஜன்னலைத் திறந்தனான்."

அடுத்த கிழமை ஆறு பேரும் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தோம். ஏன் சம்மதித்தோம் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம். ஆனால் மாதக்கணக்காக வராத நித்திரை வந்தது. பசியும் வந்தது. சமையல் முறைக்காரர் மட்டும், "ஒரு சுண்டுக்குப் பதில் ரெண்டு சுண்டு அரிசி போடவேண்டிக் கிடக்கு" என்று அவரைத் திட்டினார்.

இந்த மனிதர் ஏன் ஓரிடத்தில் இருப்பதில்லை என்பதை எங்கள் வீடு ஆழமாக ஆராய்ந்தது. ஒருவர் மூலவியாதி என்றார். இன்னொருவர் ரயிலிலேயே வாழ்ந்ததால் நிலையாக நிற்கும் தரையை அவர் நம்புவதில்லை என்றார். நான் நேரே கேட்டேன்.

"இருந்தா யோசிப்பன், மாஸ்ரர்" என்றார். சொல்லிவிட்டு லிஃப்டை விட்டு, படிகளால் ஆறு மாடியும் ஓடினார்.

ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்ததால் நான் எல்லோருக்கும் மாஸ்ரர். இந்தப் பட்டத்தை நான் கொஞ்சம் இறுக்கமாகவே அணிந்துகொண்டிருந்தேன்.

வசந்தம் வந்ததும் எங்களை மோன் றோயால் மலைக்கு இழுத்துப்போனார். அங்கே ஒரு பாறையில் வெள்ளைக்காரப் பெடியள் சிலர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணை வெகுநேரம் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு தன் ரயில்வே இங்கிலீசில் விசாரித்தார்.

"மேல என்ன கிடக்கு?"

"ஒன்றுமில்லை."

"அப்ப ஏன் ஏறுறியள்?"

"ஏறிப் பார்க்கத்தான்."

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியளே மாஸ்ரர்? எங்களைப்போல ஆக்கள் இஞ்சையும் இருக்கினம்!"

அந்த 'எங்களை'யில் என்னையும் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஆட்சேபிப்பதற்குள், தேவாலயத்தில் தந்த சப்பாத்தோடு அவர் பாறையில் தொற்றிவிட்டார். இரண்டு ஆள் உயரம் ஏறியதும் பல்லியாகிவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"அண்ணை, எப்பிடி இருக்கு?" என்று கத்தினேன்.

"நல்ல காட்சி, மாஸ்ரர்!"

அவருடைய மூக்குக்கு முன்னால் வெறும் கல்தான் இருந்தது. பெடியள் கயிறு கட்டி இறக்கினார்கள்.

என் கேஸ் சரிவந்து, மனைவியும் மூன்று வயது மகள் தர்சினியும் வந்துசேர்ந்ததும், வில்லரே பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டுக்குப் போனேன். தெருவிலிருந்து மாடிக்கு வளைந்து ஏறும் இரும்புப் படி. கீழ்வீட்டில் ஒரு கிழவி. நாங்கள் மடாம் என்போம். பிள்ளை இரண்டடி ஓடினால் மடாம் நிலம் கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "அசையாமல் இரு, அம்மா" என்று மகளைப் பழக்கினேன். அவளும் கெட்டிக்காரி, பழகிவிட்டாள். வருகிற சனமெல்லாம், "என்ன அடக்கமான பிள்ளை! மாஸ்ரரின்ர வளர்ப்பெல்லே" என்றார்கள். நான் பூரித்துப்போனேன்.

பகலில் அவளைக் கார்டரியில் விடுவோம். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடம். அங்கிருந்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகள் உருண்டும் ஏறியும் விளையாடும்போது இவள் மட்டும் கதிரையிலேயே இருக்கிறாள், காலில் ஏதும் குறையோ என்றார். டாக்குத்தரிடம் ஓடினோம். "நல்ல கால்கள், பாவிக்கத்தான் இல்லை" என்றார் அவர்.

அந்த ஞாயிறு துள்ளல் அண்ணை வந்தார். இரும்புப் படியில் வழக்கம்போல ஒன்றுவிட்டு ஒன்று தாவித்தான் வந்தார். கதையைக் கேட்டதும் மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

"எங்க பிள்ளை, மாமாவுக்கு ஒருக்காத் துள்ளிக் காட்டுங்கோ."

தர்சினி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, "மடாம் ஏசுவா" என்று குசுகுசுத்தாள்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "காலில குறையில்லை, மாஸ்ரர். நீங்கள்தான் கட்டிவச்சிருக்கிறியள்."

என் மனைவிக்கு முன்னால் சொன்னது எனக்குச் சுட்டது. "உங்கட விசரை என்ர பிள்ளைக்குப் பழக்க வேண்டாம் அண்ணை. உங்களுக்கெண்டு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும்" என்றேன்.

அவருக்குப் பிள்ளை இருந்ததா, இருந்து என்ன ஆனது என்று அதுவரை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. அவர் முழங்காலிலிருந்து எழும்பினார். படிகளை ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.

சில கிழமைகள் கழித்து, பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்க வரும்படி கார்டரியில் பெற்றோரை அழைத்தார்கள். பிள்ளைகள் சுரங்கத்துக்குள் தவழ்ந்தார்கள், நீள மர வாங்கிலிருந்து பாய்ந்தார்கள். என் மகள் சுவரோரம் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். ஒரு சின்னப் பெட்டை அவளைக் கையில் பிடித்து இழுத்தாள். இவள் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து, "அப்பா, நான் அசையவே இல்லை. கண்டனீங்களே?" என்று பெருமையோடு கேட்டாள்.

அவளையும் மனைவியையும் வீட்டில் விட்டுவிட்டு, மெட்ரோவில் ஏறி, பழைய மூன்றரைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் நல்ல வசனங்கள் தயாரித்திருந்தேன். நான் முதல் வசனத்தைத் தொடங்கும்போதே அண்ணை சப்பாத்தைக் கொழுவிவிட்டார். "பேந்து கதைப்பம், வாங்கோ" என்றார். பேந்து என்ற அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அடுத்த வருடம் ரொறன்ரோவுக்குப் போனார். அங்கே நெடுங்காலம் ஓடித் திரிந்து, போய்ச் சேர்ந்தும் விட்டார். வசனங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

அன்று என் வீட்டுக்கு வந்ததும் அண்ணை, "மாஸ்ரர், நீங்கள் துள்ளுங்கோ" என்றார்.

"நானோ? பிள்ளையெல்லோ துள்ள வேணும்?"

"அவ உங்களைப் பாத்துத்தான் அசையாமல் இருக்கப் பழகினவ. உங்களைப் பாத்துத்தான் துள்ளுவா."

"மடாம்?"

"மடாமை நான் பாக்கிறன்." கீழே ஓடினார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி சொல்லும் 'மெர்சி' ஒன்றுதான்.

ஹோலின் நடுவில், கழுத்துப் பட்டியோடு, பி.எஸ்சி. பட்டதாரியான நான் துள்ளினேன். வீடு அதிர்ந்தது. கீழே மடாம் கதவைத் திறந்து கத்தும் சத்தம் கேட்டது. கதிரையில் இருந்த தர்சினியின் கண்கள் விரிந்தன. இரண்டாந்தரம் துள்ளினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாந்தரம் நான் கால்தடுக்கி விழுந்தபோது, கதிரையிலிருந்து இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, இரண்டு காலையும் சேர்த்து, நிலத்திலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பினாள். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

மூச்சு வாங்க ஜன்னலுக்குப் போனேன். கீழே வாசலில் மடாம் தும்புத்தடியை ஆட்டி ஆட்டி ஏசிக்கொண்டிருந்தார். அண்ணை கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மடாம் களைத்து உள்ளே திரும்பும்போதெல்லாம், மேலே எங்கள் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு, கதவடியில் போய் இன்னொரு மெர்சி சொல்லி ஏச்சை மறுபடி தொடக்கிவைத்தார்.