கீழாநெல்லி தின்ற கோழிகள்

உற்சாகம் வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. கேட்காதவர்களையும் நிறுத்திவைத்து விளக்கம் சொல்வேன்.

அப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. பிராய்லர் குஞ்சுகளை மூலிகை கலந்த தீவனத்திலேயே வளர்க்கலாம் என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அரியாங்குப்பத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தீவனத்தில் பூண்டு, ஓமம், ஈரலுக்குப் பலமாகக் கீழாநெல்லிப் பொடி, நிறம் பிடிக்கக் காய்ந்த செண்டுமல்லிப் பூ என்று கலந்து போட்டேன். என்ன வளர்ச்சி, என்ன சுறுசுறுப்பு! கால்களெல்லாம் பளிச்சென்று மஞ்சள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. (அந்தச் சமயத்தில் நான் இளைத்துப்போனதாக அம்மா சொன்னது காதில் விழவே இல்லை.)

மூலக்குளத்தில் கோழிக்கடை வைத்திருந்த காதர் மாமா, தன் மகள் ஷகிலாவை எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழம ஒன் கோழிய நம்ம கடையில வித்துக் காட்டு. அப்பறம் நிக்காஹ் பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிறு விடியலில் கூண்டுகளை இறக்கினேன். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பெரிய அட்டையில், 'கீழாநெல்லி சாப்பிட்டு வளர்ந்த கோழி' என்று நானே எழுதிக் கடை வாசலில் கட்டினேன்.

முதலில் வந்தவர் ஒரு டீச்சர். அட்டையைப் படித்தார். கோழிக் காலைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"எத்தினி நாளா காமாலை?"

"காமாலை இல்லீங்க மேடம். ஈரல் நல்லா இருக்கணும்னு கீழாநெல்லி குடுத்தோம்."

"அப்ப ஈரல்லதான் கோளாறா?"

செண்டுமல்லி, நிறம், ஜீரணம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். பின்னால் நின்ற பெரியவர் மிகுந்த அக்கறையோடு, "மோர் குடுத்துப் பாத்தீங்களா தம்பி? உப்பு மட்டும் போட்றாதீங்க" என்றார். நான் விளக்க விளக்கக் கூட்டம் தெருவின் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. கோழி ஒன்றுகூடப் போகவில்லை. மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நிக்காஹ் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் மாமாவுக்கு டிபன் கொண்டுவந்தாள் ஷகிலா. அட்டையைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு அதை அவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "அத்தா, நம்ம வூட்டுக்கு ரெண்டு கோழி அறுங்க. நல்லாப் பெருசா பாத்து" என்றாள்.

கடைக்காரர் வீட்டுக்கே போகிற கோழி என்றதும், முதல் ஆளாகத் திரும்பி வந்தவர் அந்த டீச்சர்தான். மதியத்துக்குள் கூண்டுகள் காலி. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"கோழிக்கு ஒண்ணுமில்ல. ஒன் வாய்க்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார் மாமா. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்.

அந்த வைத்தியத்தை ஷகிலா இன்றுவரை பார்க்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், தீவனத்தில் முருங்கையிலைப் பொடி கலப்பதைப் பற்றி ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் என் முன்னால் ஒரு சொம்பு மோர் வந்துவிட்டது. உப்பில்லாமல்.