பச்சை ஹெல்மெட்டும் என் மோதிர விரலும்

டிராம்பேயில் தொடங்கி செம்பூர் வரைக்கும் சேப்டி அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. யாராவது நான் வாங்கவில்லை என்று சொன்னால், அவர் வாழ்நாளில் ஏணி ஏறியதில்லை என்று அர்த்தம்.

நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த தொழிற்சாலையில் அண்ணாச்சிதான் சேப்டி சூபர்வைசர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் வீட்டிலேயே யார் என்று யோசிப்பார்கள். எங்களுக்கெல்லாம் மஞ்சள் ஹெல்மெட், அவருக்கு மட்டும் பச்சை. அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார், மீன் வாங்குவார். சர்ச்சிலும் அதே தலையோடு நுழையப் பார்த்து, அவர் மனைவி மேரி அக்கா வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டதாகக் கேள்வி. உள்ளே போனவர் சும்மா இருந்தாரா? மெழுகுவர்த்திக்கும் திரைச்சீலைக்கும் நடுவே முழம் போட்டுப் பார்த்தாராம்.

என் கல்யாணத்துக்கு வந்து ஓமகுண்டத்தைச் சுற்றி மணல் வாளி வைத்தார். "சாமி, நெய்யைக் கொஞ்சம் கொறைச்சு ஊத்தும், பந்தல் துணி தாழ இருக்கு" என்றார். சாஸ்திரிகள் மந்திரத்தை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மொய்க்குப் பதிலாக அண்ணாச்சி கொடுத்தது ஒரு தீயணைப்பு சிலிண்டர். ரிப்பன் கட்டியிருந்தது.

ஆனால், தப்பு என்று ஒன்று தன்னிடம் இருக்கக்கூடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. உங்கள் காலை மிதித்தால், காலை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் டிராலியில் டிரம் தள்ளிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து, "ஏல!" என்று அண்ணாச்சி கத்தினார். திரும்பினேன். டிராலி போய்க் கதவு நிலையில் மோதியது, நடுவில் என் மோதிர விரல். நகம் போய், புது நகம் கோணலாக முளைத்தது. "காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட் எழுதி என் பைலில் சேர்த்தார் அண்ணாச்சி. அன்றிலிருந்து அவர் பாதுகாப்புப் பிரசங்கம் ஆரம்பித்தால் நான் அந்த விரலை உயர்த்திக் காட்டுவேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

அப்புறம்தான் கம்பெனி புது விதி போட்டது. பட்டம் இல்லாதவர் சேப்டியில் இருக்க முடியாது, ஸ்டோருக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். கம்பெனியே ஒரு படிப்பிலும் சேர்த்துவிட்டது. வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கான பட்டம் அது. பாடப்புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை, பரீட்சையும் இல்லை. செய்கிற வேலைதான் பாடம். என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், இனி எப்படிச் செய்வேன் என்று டைரி எழுத வேண்டும். ஒவ்வொரு டைரியின் நகலும் எங்கள் மானேஜருக்குப் போகும்.

"வாத்தியாரும் இல்ல, புஸ்தகமும் இல்ல. இதுக்குப் பேரு படிப்பால?" என்றார் அண்ணாச்சி. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, இங்கிலீஷில் டைப் அடிப்பது என் வேலையானது.

முதல் டைரியில் பதினாலு தப்புகளைச் சொன்னார். பதினாலும் மற்றவர்களுடையது. கடைசித் தப்பு, வீடியோ காலில் வந்த டைரி திருத்தும் வழிகாட்டி மேடத்தின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஒட்டுப்போட்ட வயர். மேடம் மராட்டிப் பெண், அண்ணாச்சிக்கு மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகப் படித்துவிட்டு, "காகா, இஸ்மே ஆப் கிதர் ஹோ?" என்று கேட்டாள். இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், சித்தப்பா?

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்லா, அங்கதான் இருக்கேன்னு சொல்லு."

இரண்டாவது டைரி: "என் குறை, மற்றவர்களை அளவுக்கு மீறி நம்புவது." திரும்பி வந்தது. மூன்றாவது: "நான் இன்னும் சத்தமாகக் கத்தியிருக்க வேண்டும்." அதுவும் திரும்பி வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் இப்படியே இருந்தால் பெயில்தான் என்று மேடம் சொல்லிவிட்டாள்.

"உங்க தப்பு உங்களுக்குத் தெரியலைன்னா நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. ஆனா ஒரு நோட்டு பத்தாது" என்றார் மேரி அக்கா.

நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்டோரில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைத் துடைத்து, "உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று மேஜைமேல் வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். இங்கே ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவரே அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தாளை நீட்டினார். அவரே கைப்படத் தமிழில் எழுதியிருந்தார்.

"ஸ்டோர் கிளார்க்கின் ஹெல்மெட் வார் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கத்தினேன். அவன் கையில் டிராலி இருந்ததை நான் பார்க்கவில்லை. அவன் திரும்பியதால்தான் விரல் நசுங்கியது. அவன் கவனமாகத்தான் இருந்தான், நான் பொய் ரிப்போர்ட் எழுதினேன். இனி ஒருவனிடம் கத்துவதற்கு முன்னால், அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்."

இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷமும், டிராலி மோதப் போகிறது என்று எச்சரிக்கத்தான் கத்தினார் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இது மானேஜருக்குப் போவும். பொய் ரிப்போர்ட்டுன்னு நீங்களே எழுதிட்டீங்க. பச்சை ஹெல்மெட் தங்காது."

"போனாப் போவுது. மஞ்சளும் தலையத்தானல காக்கும்? எழுதுனத அப்படியே அடி, மெருகேத்தாத."

அப்படியே அடித்தேன். மேடத்திடமிருந்து, "அப் திகே ஆப், காகா" என்று ஒரே வரி வந்தது. இப்போது தெரிகிறீர்கள் என்றாள். மானேஜர் இரண்டு நாள் முறைத்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதச் சொன்னதோடு விட்டார். பட்டமும் வந்தது, பச்சையும் தப்பியது. அதன் பிறகு அண்ணாச்சி யாரிடமும் பின்னாலிருந்து கத்தியதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கையைப் பார்த்து, ஒரு தடவை செருமிவிட்டுத்தான் கத்துவார்.

இப்போது ரிட்டயராகி மகனோடு சான்பாடாவில் இருக்கிறார். போன வாரம் மின்விசிறி துடைக்க ஏணி ஏறினேன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மேலே நின்றபடியே அவருக்குப் போன் போட்டேன்.

"ஏணிய யாரு பிடிச்சிருக்கா?"

"யாருமில்ல, அண்ணாச்சி."

"எறங்கு. நான் வாரேன்."

டிரெயின் பிடித்து வந்தார். நேரே முன்னால் வந்து நின்று, என் கையைப் பார்த்து, செருமிவிட்டு, தெருவே கேட்கத் திட்டினார். அதைக் கேட்கத்தான் ஏணியே ஏறினேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.